கஞ்சிக் கலயத்தில் தொடங்கிய காணிக்கை: கண்டியில் வாழ்ந்த ஜோசப் வாஸ் அடிகளார்

கண்டி மாநகரிலும் அதனைச் சூழவுள்ள தோட்டப்புறங்களிலும் உள்ள தேவாலயங்களில் ஞாயிற்றுக்கிழமைத் திருப்பலியின் நடுவே காணிக்கைப் பை வரிசை வரிசையாகக் கைமாறிச் செல்வது வழமையான காட்சியாகும். நகரத்து வர்த்தகர் அதில் பெரிய தாளொன்றை இடுவார். கொழுந்து பறித்துக் கிடைத்த நாட்சம்பளத்திலிருந்து ஒரு தொழிலாளிப் பெண் சில நாணயங்களை இடுவார். பை பீடத்தைச் சென்றடைந்த பின்னர் அப்பணம் எங்கே போகிறது, யாருக்காகச் செலவாகிறது என்று வாய்விட்டுக் கேட்போர் குறைவு. ஆயினும் அக்கேள்வி எல்லோர் மனதிலும் உண்டு. பள்ளிவாசலின் சக்காத் நிதியைப் பற்றியும், கோயில் உண்டியலைப் பற்றியும், விகாரையின் தானப் பெட்டியைப் பற்றியும் அதே கேள்வி எழவே செய்கிறது.

கொடுப்பவரின் தாராளத்தைப் பற்றி நாம் அதிகம் பேசுகிறோம். பெற்றுக்கொள்பவரின் தகுதியைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை. ஒரு சமய நிறுவனத்துக்கு மக்கள் மனமுவந்து கொடுப்பதற்கு அடிப்படையாக அமைவது எது என்ற கேள்விக்கு, முந்நூறு ஆண்டுகளுக்கு முன்னர் இதே கண்டி நகரில் வாழ்ந்து மறைந்த ஒருவரின் வாழ்க்கை தெளிவான விடையைத் தருகிறது. அவர்தான் இலங்கையின் முதலாவது புனிதர் எனக் கத்தோலிக்கத் திருச்சபையினால் பிரகடனப்படுத்தப்பட்ட ஜோசப் வாஸ் அடிகளார்.

போர்த்துக்கேயரின் ஆட்சிக்குட்பட்டிருந்த கோவாவில், பெனோலிம் என்னும் கிராமத்தில் 1651 ஆம் ஆண்டு ஏப்ரல் 21 ஆம் திகதி அவர் பிறந்தார். கொங்கணி மொழி பேசும், பிராமண மரபில் வந்த கத்தோலிக்கக் குடும்பம் அவருடையது. கோவாவில் உயர்கல்வி பெற்று 1676 இல் குருவாகத் திருநிலைப்படுத்தப்பட்டார். 1681 முதல் 1684 வரை கன்னட நாட்டின் கரையோரத்தில் பணியாற்றினார். கோவா திரும்பியதும், 1685 இல் உள்ளூர்க் குருக்கள் சிலர் கூடி வாழ்ந்துவந்த ஒரு சிறு குழுவில் இணைந்து அதன் தலைவரானார். அக்குழுவே பின்னர் கோவா ஒரட்டோரியன் சபையாக வளர்ந்தது. ஐரோப்பியக் குருக்களே மேலாண்மை செலுத்திய அக்காலத்தில், இந்நாட்டவரே நடத்திய துறவுக் குழுவொன்று உருவானமை சாதாரண விடயமன்று.

இலங்கையின் நிலையை அறியாமல் அவரது பணியின் தன்மையை விளங்கிக்கொள்ள முடியாது. போர்த்துக்கேயர் காலத்தில் இங்கு திருச்சபை அரச ஆதரவில் வாழ்ந்தது. கோட்டை இராச்சியத்தின் மன்னன் தர்மபாலன் 1557 இல் கத்தோலிக்கனாகியபோது, பௌத்த விகாரைகளுக்கு உரித்தான நிலங்களையும் வருமானங்களையும் பிரான்சிஸ்கன் துறவிகளுக்கு எழுதிக் கொடுத்தான். அதனால் மக்களிடையே கொந்தளிப்பு எழுந்தது. பிறர் தம் வழிபாட்டுக்காக மனமுவந்து அளித்ததைப் பறித்து இன்னொரு வழிபாட்டுக்குக் கொடுப்பது கொடையாகாது. அவ்வாறு பெற்ற செல்வம் திருச்சபைக்குக் கட்டடங்களைத் தந்தது. அயலவரின் நல்லெண்ணத்தைத் தரவில்லை.

1658 இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றியதும் அந்த ஆதரவு முழுவதும் இல்லாமற் போயிற்று. தேவாலயங்கள் புரட்டஸ்தாந்து வழிபாட்டுக்கு மாற்றப்பட்டன. குருக்கள் நாட்டைவிட்டு வெளியேற்றப்பட்டனர். கத்தோலிக்கக் குருவானவருக்கு அடைக்கலம் கொடுப்போருக்கு மரணதண்டனை என்று சட்டம் பிறந்தது. ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் இலங்கைக் கத்தோலிக்கர் மேய்ப்பரின்றி வாழ்ந்தனர். வருமானம் இல்லை, நிலம் இல்லை, கட்டடம் இல்லை, குருவும் இல்லை. வீடுகளுக்குள் இரகசியமாகச் சொல்லப்பட்ட செபம் மாத்திரமே எஞ்சியிருந்தது.

இச்செய்தி கோவாவில் இருந்த வாஸ் அடிகளாரை உறங்கவிடவில்லை. 1686 இல் தன் குடும்பத்துப் பணியாளான ஜோன் என்னும் இளைஞனுடன் புறப்பட்டார். பெரும்பகுதித் தூரத்தை வெறுங்காலுடன் நடந்தே கடந்து தூத்துக்குடியை அடைந்தார். 1687 இல் கூலியாளின் உடையில் கடல் கடந்து இலங்கை மண்ணில் கால் வைத்தார். யாழ்ப்பாணம் வந்தடைந்தவரிடம் பணம் இருக்கவில்லை. அறிமுகக் கடிதமும் இருக்கவில்லை. கழுத்தில் செபமாலையை அணிந்துகொண்டு வீடு வீடாகச் சென்று பிச்சை கேட்டார். செபமாலையைக் கண்டு எவருடைய கண்கள் கலங்குகின்றன என்று பார்த்தே கத்தோலிக்கர் யாரென்று அறிந்துகொண்டார்.

பயணத்தின் துன்பங்களால் அவரை வயிற்றோட்ட நோய் கடுமையாகப் பீடித்தது. தொற்று நோயென அஞ்சிய மக்கள் விலகிச் சென்றபோது, ஏழைப் பெண்ணொருத்தி கஞ்சி கொண்டுவந்து கொடுத்து அவரையும் துணைவனையும் காப்பாற்றியதாக அவரது வாழ்க்கை வரலாற்றை எழுதியோர் கூறுவர். அப்பெண்ணின் பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. அவள் கொடுத்தது ஒரு கலயம் கஞ்சி. இலங்கையில் மறுபிறப்பெடுத்த திருச்சபைக்குக் கிடைத்த ஆரம்பகாலக் காணிக்கைகளுள் அதுவும் ஒன்று எனலாம். தான் யாருக்குக் கொடுக்கிறோம் என்பதை அறியாமலே அவள் கொடுத்தாள் என்பதும் நினைவிற்கொள்ளத்தக்கது.

பின்னர் சில்லாலைக் கிராமம் அவருக்குத் தளமாயிற்று. பகலில் மறைந்திருந்து இரவில் வீடுகளில் திருப்பலி ஒப்புக்கொடுத்தார். விவசாயிகளும் மீனவர்களும் தம் வீட்டுக் கதவைத் திறந்துவிட்டனர், உணவளித்தனர், அடுத்த கிராமத்துக்கு வழிகாட்டினர். இவை ஒவ்வொன்றும் அன்றைய சட்டத்தின்படி பெருங்குற்றமாகும். உண்டியலில் காசு இடுவதைவிடப் பன்மடங்கு பாரமான கொடை அது. 1689 ஆம் ஆண்டு நத்தார் இரவில் யாழ்ப்பாணத்தில் கூடியிருந்த கத்தோலிக்கரை ஒல்லாந்தர் சுற்றிவளைத்துக் கைது செய்தனர். பலர் தண்டிக்கப்பட்டனர். மக்களுக்குத் தன்னால் மேலும் தீங்கு நேரக்கூடாதென்பதும் ஒல்லாந்தரின் தேடுதலும் சேர்ந்து அடிகளாரை 1690 இல் கண்டி இராச்சியத்தின் ஆட்சிக்குட்பட்டிருந்த புத்தளத்துக்கு இட்டுச் சென்றன.

கண்டி இராச்சியத்தின் பெருமையை இங்கு குறிப்பிடாமல் இருக்க முடியாது. போர்த்துக்கேயர் தமது பிரதேசங்களிலிருந்து முஸ்லிம்களை விரட்டியபோது அவர்களுக்கு அடைக்கலம் தந்தவன் கண்டி மன்னன் செனரத். கிழக்கு மாகாணத்தில் அவன் அவர்களைக் குடியேற்றிய வரலாற்றை முஸ்லிம் மக்கள் இன்றும் நன்றியுடன் நினைவுகூர்கின்றனர். ஒல்லாந்தரால் துன்புறுத்தப்பட்ட கத்தோலிக்கருக்கும் அதே மலைநாடே புகலிடமாயிற்று. மாத்தளைப் பக்கத்து வஹகோட்டை போன்ற கிராமங்களில் கத்தோலிக்கக் குடிகள் நிலைத்தனர். பௌத்த மன்னர்கள் அளித்த இந்த அடைக்கலமும் ஒரு கொடைதான்.

ஆயினும் 1692 இல் அடிகளார் கண்டிக்கு வந்தபோது கிடைத்தது வரவேற்பன்று; சிறை. அரசவையில் செல்வாக்குடன் இருந்த லானெரோல் என்னும் பிரெஞ்சுக் கல்வினிய சமயத்தவர், இவர் போர்த்துக்கேய ஒற்றர் என்று மன்னன் இரண்டாம் விமலதர்மசூரியனிடம் கூறியதே அதற்குக் காரணம். சிறையில் இருந்தபடியே அடிகளார் சிங்கள மொழியைக் கற்றார். காவல் தளர்ந்ததும் ஒரு குடிசையை அமைத்துச் செபித்தார். அது நாளடைவில் மாதாவின் பெயரால் ஒரு சிறு தேவாலயமாக வளர்ந்தது. நகரிலிருந்த கத்தோலிக்கர் அங்கே வரத் தொடங்கினர். அரச மானியமின்றி, எவருடைய நிலத்தையும் பறிக்காமல், கைதி ஒருவரின் உழைப்பினால் எழுந்தது அந்த ஆலயம். கண்டி நகரில் கடும் வரட்சி நிலவியபோது மன்னன் வேண்டிக்கொள்ள, அடிகளார் திறந்த வெளியில் பீடமமைத்துச் செபித்ததும் மழை பொழிந்தது என்று திருச்சபை மரபு கூறுகிறது. அதனை நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். அதன்பின் அவருக்கு நடமாடும் சுதந்திரம் கிடைத்தது என்பது வரலாறு.

1697 ஆம் ஆண்டு கண்டியின் வரலாற்றில் இரு காரணங்களால் குறிப்பிடத்தக்கது. அவ்வாண்டில்தான் இரண்டாம் விமலதர்மசூரியன் அரக்கான் நாட்டிலிருந்து பௌத்த பிக்குகளை வரவழைத்து உபசம்பதாச் சடங்கை மீளத் தொடக்கினான். அதே ஆண்டில் கண்டி நகரைப் பெரியம்மை நோய் சூறையாடியது. அரச குடும்பத்தினரும் பிரபுக்களும் நகரைவிட்டு வெளியேறினர். நோயுற்றோரை அவர்களின் சொந்த உறவினரே காடுகளில் கைவிட்டுச் சென்றனர். தாயைப் பிள்ளையும் பிள்ளையைத் தாயும் அணுக அஞ்சிய காலம் அது.

அந்நிலையில் நகரிலேயே தங்கியிருந்தோர் வாஸ் அடிகளாரும், அவரது மருமகனும் கோவாவிலிருந்து துணைக்கு வந்த குருவானவருமான ஜோசப் கர்வாலோவும் ஆவர். கைவிடப்பட்டவர்களைத் தேடிச் சென்று குடிசைகளில் சேர்த்தனர். புண்களைக் கழுவினர். கஞ்சி காய்ச்சி ஊட்டினர். இறந்தோரைத் தம் கைகளாலேயே சுமந்து சென்று அடக்கம் செய்தனர். நோயாளி கத்தோலிக்கரா பௌத்தரா என்று அவர்கள் பார்க்கவில்லை. அடிகளார் இல்லாதிருந்தால் கண்டி வீதிகள் பிணங்களால் நிறைந்திருக்கும் என்று மன்னனே கூறியதாக வரலாற்று நூல்கள் தெரிவிக்கின்றன.

யாழ்ப்பாணத்தில் பெயர் தெரியாத ஒரு பெண் கொடுத்த கஞ்சி, பத்தாண்டுகளின் பின் கண்டியில் பெயர் தெரியாத நோயாளிகளுக்குக் கஞ்சியாகவே திரும்பிச் சென்றது. திருச்சபைக்குக் கொடுக்கப்படும் காணிக்கையின் முழுப் பொருளும் இதில் அடங்கியுள்ளது. அரசாங்கச் சம்பளமோ நிலமோ இல்லாத ஒருவரிடம் இருந்தவை அவரது சபையின் துணையும் ஏழை மக்கள் கொடுத்தவையுமே. அவை அவரிடம் தங்கவில்லை. தேவையுற்றோரை நோக்கி ஓடிக்கொண்டே இருந்தன. தனக்கென எதையும் வைத்துக்கொள்ளாதவர் என்பதை மக்கள் கண்ணாரக் கண்டனர். ஆகவே மீண்டும் கொடுத்தனர்.

இறந்தோரை மரியாதையுடன் அடக்கம் செய்வதும் ஒரு கொடையென்பதை நம் நாடு அண்மையிற்கூட மிகுந்த வேதனையுடன் கற்றுக்கொண்டது. 2020 ஆம் ஆண்டு கொரோனாத் தொற்றின்போது உயிரிழந்தோரின் உடல்களைக் கட்டாயமாக எரிக்கவேண்டுமென்ற விதி முஸ்லிம் குடும்பங்களை எவ்வளவு காயப்படுத்தியது என்பதை எவரும் மறந்திருக்க மாட்டார்கள். 2021 பெப்ரவரியில்தான் அவ்விதி நீக்கப்பட்டது. நோய்க்கு அஞ்சி மனிதரின் கண்ணியத்தைக் கைவிடலாகாது என்பதை அதற்கு முந்நூறு ஆண்டுகளுக்கு முன்னரே கண்டி வீதிகளில் இரு குருக்கள் செய்துகாட்டியிருந்தனர்.

கொள்ளைநோய் ஓய்ந்த பின்னர் அடிகளார் நாடெங்கும் சுற்றித் திருச்சபையை ஒழுங்குபடுத்தினார். கொச்சி ஆயர் அவரை இலங்கைக்கான தமது பிரதிநிதியாக நியமித்திருந்தார். குருக்கள் மிகச் சிலரே இருந்தமையால் ஒவ்வொரு ஊரிலும் பொதுநிலையினரிடமே பொறுப்பை ஒப்படைத்தார். செபங்களையும் மறைக்கல்வியையும் கற்பிக்க அண்ணாவிமாரும், ஆலயத்தையும் சமூகத்தையும் கவனித்துக்கொள்ள மூப்பர்மாரும் அமைந்தனர். குருவானவர் ஆண்டுக்கு ஒருமுறை வந்தாலும் வராவிட்டாலும் ஆலயத்தின் விளக்கு அணையாமல் பார்த்துக்கொண்டோர் ஊர் மக்களே. ஓலைக் கொட்டிலாயினும் அது தமது உழைப்பில் எழுந்தது என்ற உரிமையுணர்வு அவர்களிடம் இருந்தது. தம்முடையதென்று கருதும் ஒன்றுக்கே மனிதர் மனமுவந்து கொடுப்பர். 1705 இல் வந்து சேர்ந்த ஜாக்கோமே கொன்சால்வஸ் அடிகளார் சிங்களத்திலும் தமிழிலும் நூல்களை இயற்றி அம்மக்களின் கைகளில் கொடுத்தார். இந்நாட்டுக் கிறிஸ்தவ இலக்கியத்தின் வளத்துக்கு அதுவே பெரும் ஊற்றாயிற்று.

வாஸ் அடிகளாரை ஆயராக உயர்த்தும் எண்ணம் எழுந்தபோது அவர் அதை ஏற்கவில்லை. முதுமையும் நோயும் வாட்டிய நிலையிலும் 1710 இல் இன்னுமொரு பயணத்தை மேற்கொண்டார். 1711 ஆம் ஆண்டு ஜனவரி 16 ஆம் திகதி கண்டியில் காலமானார். அப்போது அவருக்கு வயது 59. அவரது உடல் கண்டி ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்டது. 1740 களில் கண்டியில் காற்று மாறி வீசியது. குருக்கள் வெளியேற்றப்பட்டனர்; ஆலயங்கள் இடிக்கப்பட்டன. அவரது கல்லறை இருந்த இடம் எதுவென இன்று அடையாளம் காண இயலாதுள்ளது.

கட்டடம் அழிந்த பின்னரும் திருச்சபை அழியவில்லை. போர்த்துக்கேயரின் காலத்தில் அரசின் பணத்தினால் நின்ற அமைப்பு அரசு மாறியவுடன் சரிந்தது. வாஸ் அடிகளாரின் காலத்தில் மக்களின் மனத்தினால் நின்றது, ஒல்லாந்தரின் சட்டத்தையும் கண்டி அரசனின் கோபத்தையும் தாண்டி நிலைத்தது. 1883 இல் கொழும்பிலிருந்து பிரிக்கப்பட்டுக் கண்டி தனித் திருச்சபைப் பிரிவாக அமைந்தபோது, அதன் அடித்தளத்தில் இருந்தவை அண்ணாவிமாரும் மூப்பர்மாரும் காத்துவந்த அந்தச் சிறு சமூகங்களும், பிற்காலத்தில் தோட்டங்களுக்குத் தென்னிந்தியாவிலிருந்து வந்த தொழிலாளக் குடும்பங்களுமேயாகும். 1995 ஜனவரி 21 இல் பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் காலிமுகத்திடலில் வாஸ் அடிகளாருக்கு முத்திப்பேறு பெற்றவர் பட்டத்தை வழங்கினார். 2015 ஜனவரி 14 இல் அதே திடலில் பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராகப் பிரகடனப்படுத்தினார்.

வாஸ் அடிகளாரை எல்லோரும் ஒரே விதமாக நோக்கவேண்டுமென்பதில்லை. அவர் தமது சமயத்தைப் பரப்ப வந்தவர் என்பது உண்மை. பௌத்த பிக்குகள் அதற்கு எதிர்ப்புத் தெரிவித்ததும் உண்மை. ஆனால் அவர் ஆட்சியாளரின் படையோடு வரவில்லை, கையேந்தி வந்தார். உணவைக் காட்டி மதத்தை விற்றார் என்ற பழிக்கு இடமில்லாதபடி, மரணப் படுக்கையில் இருந்தோருக்கு உதவினார். சமய நிறுவனங்களின் தர்மப் பணிகளைச் சந்தேகத்துடன் நோக்கும் போக்கு இந்நாட்டில் வலுத்துவரும் வேளையில் இந்த வேறுபாடு முக்கியமானது.

இஸ்லாத்தில் சக்காத்துக்கு இரண்டரை சதவீதம் என்ற அளவு உண்டு. கிறிஸ்தவ சபைகள் பலவற்றில் வருமானத்தில் பத்திலொரு பங்கைக் கொடுக்கும் வழக்கம் உண்டு. கத்தோலிக்கத் திருச்சபை சதவீதம் எதையும் விதிக்காது, அவரவர் இயலுமைக்கேற்பக் கொடுக்கும் கடமையை மட்டும் வலியுறுத்துகிறது. அளவுகள் வேறுபடலாம். ஏழையின் பங்கு அதில் இருந்தேயாக வேண்டும் என்பதில் வேறுபாடு இல்லை. ஆலயத்தின் கூரைக்கும் மின்சாரத்துக்கும் பணம் தேவை என்பதை எவரும் மறுக்கமாட்டார்கள். ஆனால் கூரைக்கான பணம் மட்டுமே சேர்ந்து, கூரையற்றோருக்கான பணம் சேராதுவிடின், அங்கு எங்கோ கணக்குத் தவறிவிட்டது.

2018 மார்ச்சில் திகன, தெல்தெனிய பகுதிகளில் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் எரிந்தபோதும், 2019 ஏப்ரலில் உயிர்த்த ஞாயிறன்று தேவாலயங்களில் இரத்தம் சிந்தப்பட்டபோதும், 2022 இல் பொருளாதாரம் சரிந்து எரிவாயுவுக்கும் பால்மாவுக்கும் மக்கள் வரிசையில் நின்றபோதும், பாதிக்கப்பட்ட குடும்பங்கள் முதலில் நோக்கியது அயலவரின் முகத்தையே. அந்நேரங்களில் தம் சமூகத்துக்கு அப்பாலும் கை நீட்டிய வழிபாட்டுத் தலங்கள் எவை, கதவை மூடிக்கொண்டவை எவை என்பதை அந்தந்த ஊர் மக்கள் அறிவர். அந்த நினைவே நாளைய காணிக்கையைத் தீர்மானிக்கும்.

ஆகவே கொடுங்கள் என்று மக்களிடம் கேட்கும் உரிமை, பெற்றதை எங்கே செலவிட்டோம் என்று காட்டக்கூடியவர்களுக்கே உண்டு. அக்கணக்கை ஆண்டுதோறும் தம் மக்கள் முன் வைப்பதில் ஆலயங்களும் பள்ளிவாசல்களும் கோயில்களும் விகாரைகளும் தயங்கத் தேவையில்லை. ஜோசப் வாஸ் அடிகளார் கணக்கேடு எதையும் காட்டவில்லை. அவரது வாழ்க்கையே எல்லோரும் படிக்கக்கூடிய கணக்கேடாக இருந்தது. இன்றைய நிறுவனங்கள் பெரியவை. ஒருவரின் எளிமையை மட்டும் நம்பி அவற்றை நடத்த முடியாது. அதனால்தான் ஏடும் வேண்டும், எளிமையும் வேண்டும். அடுத்த ஞாயிறு காணிக்கைப் பை கைக்கு வரும்போது அதில் இடப்படும் நாணயம், எங்கோ ஒரு நோயாளியின் கஞ்சிக் கலயத்தைச் சென்றடையும் என்ற நம்பிக்கையைக் கொடுப்பவரின் மனதில் உண்டாக்குவது, பெறுபவரின் கடமையாகும்.